வாரத்துக்கு 80 மணி நேரம்: அமெரிக்க வார்டுகளில் உருவாகும் மருத்துவர்கள்

ஒவ்வோர் ஆண்டும் மார்ச் மூன்றாவது வெள்ளிக்கிழமை, அமெரிக்கக் கிழக்குக் கரை நேரப்படி நண்பகல் 12 மணிக்கு, அந்நாட்டு மருத்துவக் கல்லூரி அரங்குகளில் மாணவர்கள் ஆளுக்கொரு உறையைப் பிரிக்கிறார்கள். சென்னையிலும் லாகூரிலும் லாகோசிலும் காத்திருப்பவர்கள் மின்னஞ்சலைத் திறக்கிறார்கள். உள்ளே இருப்பது ஒரே ஒரு மருத்துவமனையின் பெயர். அடுத்த சில ஆண்டுகள் எந்த ஊரில் குடியிருப்பது, யாரிடம் கற்பது, என்ன சம்பளம் வாங்குவது எல்லாம் அந்த ஒரு வரியில் முடிவாகிவிடும். பிடிக்கவில்லை, வேறு கொடுங்கள் என்று கேட்க முடியாது. விருப்பப் பட்டியலைச் சமர்ப்பித்தபோதே முடிவுக்குக் கட்டுப்படுவதாக எழுதிக் கொடுத்தாயிற்று.

‘மேட்ச்’ என்று எல்லோரும் சொல்லும் இந்த ஒதுக்கீட்டுக்கு 2025-ல் 52,000-க்கும் அதிகமானோர் பதிவு செய்தார்கள். இருந்த இடங்கள் சுமார் 43,000. அவற்றில் 10,000-க்கும் மேற்பட்ட இடங்கள் இன்டர்னல் மெடிசின் என்ற ஒரே துறையுடையவை. நம்மூரில் எம்.டி. ஜெனரல் மெடிசின் என்று படிப்பதற்கு இணையானது இது. கத்தியைத் தொடாமல் பெரியவர்களின் நோய்களைப் பார்க்கும் துறை. இதய நிபுணராக வேண்டுமா, சிறுநீரக நிபுணராக வேண்டுமா, எதுவானாலும் முதலில் ரெசிடென்சி என்ற இந்த மூன்றாண்டு மருத்துவமனைப் பயிற்சியை முடித்தாக வேண்டும்.

மேட்ச் பிறந்ததே மாணவர்கள் பட்ட பாட்டினால்தான். 1940-களில் மருத்துவமனைகளுக்கு இளம் டாக்டர்கள் கிடைப்பது அரிதாக இருந்தது. முந்திக்கொள்ளும் அவசரத்தில், படிப்பு முடிய இரண்டு ஆண்டுகள் இருக்கும்போதே மாணவர்களை இழுத்துப் போட்டார்கள். 1945-ல் கல்லூரிகள் கூடி, குறிப்பிட்ட தேதிக்கு முன் மதிப்பெண்ணோ பரிந்துரைக் கடிதமோ தருவதில்லை என்று கட்டுப்பாடு விதித்தன. உடனே குழப்பம் வேறு இடத்துக்கு நகர்ந்தது. வேலைக்கு அழைத்த மருத்துவமனை, பதில் சொல்லத் தரும் அவகாசத்தைச் சுருக்கிக்கொண்டே போனது. முதலில் பத்து நாள். 1949 வாக்கில் 12 மணி நேரமே அதிகம் என்று சொல்லும் நிலை வந்துவிட்டது. கையில் இருப்பதை ஒப்புக்கொள்வதா, மனதில் இருப்பதற்காகக் காத்திருப்பதா என்று தந்தியைப் பிடித்துக்கொண்டு மாணவர்கள் தவித்தார்கள்.

அதன்பின் வந்த மையப்படுத்திய ஒதுக்கீட்டின் முதல் வரைவிலும் ஓர் ஓட்டை இருந்தது. கைக்கு எட்டாத மருத்துவமனையை முதலிடத்தில் எழுதிய மாணவருக்கு, எட்டியிருக்கக்கூடிய இரண்டாவதும் கைநழுவிப் போகலாம். இதைக் கண்டுபிடித்தவர்கள் மாணவர்களே. ஹார்வர்டு மாணவராக இருந்த ஹார்டி ஹென்ட்ரென் போன்றோர் குழு அமைத்துப் போராடி முறையை மாற்ற வைத்தார்கள். இந்த ஹென்ட்ரென் பின்னாளில் பெயர்பெற்ற குழந்தைகள் அறுவை மருத்துவரானார். திருத்திய முறை 1952-ல் நடைமுறைக்கு வந்தது. பத்து ஆண்டுகள் கழித்து டேவிட் கேலும் லாயிட் ஷேப்லியும் இதே தர்க்கத்தைக் கணிதமாக எழுதினார்கள். இரண்டும் ஒன்றுதான் என்று 1984-ல் ஆல்வின் ராத் காட்டினார். 1998-ல் அவர் செய்த திருத்தத்துக்குப் பிறகு, கணக்கு விண்ணப்பதாரரின் விருப்பத்திலிருந்து தொடங்குகிறது. ஷேப்லிக்கும் ராத்துக்கும் 2012-ல் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது.

விண்ணப்பிப்பவர் இதிலிருந்து தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான்: நிஜமாக எது பிடிக்கிறதோ அதை அந்த வரிசையிலேயே எழுதலாம். “அங்கே எப்படியும் கிடைக்காது” என்று பயந்து பிடித்த இடத்தைக் கீழே தள்ளுவதால் நஷ்டம்தான் மிஞ்சும். முதல் இடம் கிடைக்காமல் போனதற்காக இரண்டாவது இடத்தில் யாரும் முந்திவிட மாட்டார்கள். ஆண்டுதோறும் சொல்லப்படும் விஷயம் என்றாலும், ஆண்டுதோறும் யாராவது பயத்தில் பட்டியலைக் கலைத்துவிடுகிறார்கள்.

கணக்கு நியாயமானது. கணக்குக்குள் நுழையும்வரை உள்ள பாதையைப் பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை.

அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வான யு.எஸ்.எம்.எல்.இ.-யின் முதல் கட்டத்துக்கு 2022 ஜனவரி முதல் மதிப்பெண் கிடையாது. தேர்ச்சி, தோல்வி இரண்டே முடிவு. சுமை குறையும் என்று எதிர்பார்த்தார்கள். வடிகட்டும் வேலை முழுவதும் இரண்டாம் கட்டத் தேர்வின் மதிப்பெண் மேல் வந்து விழுந்தது. நோயாளியாக நடிப்பவரை நேரில் பரிசோதித்துக் காட்டும் தேர்வு பெருந்தொற்றுக் காலத்தில் நின்றது. 2021-ல் அதை நிரந்தரமாகவே கைவிட்டார்கள். நேர்முகத் தேர்வும் 2020 முதல் பெரும்பாலும் கணினித் திரை வழியாகத்தான். பயணச் செலவு மிச்சம் என்பது நல்லதே. ஆனால் விமானக் கட்டணத்துக்கு அஞ்சி விண்ணப்பங்களைக் குறைத்துக்கொண்டவர்கள் இப்போது அள்ளி வீசுகிறார்கள். 2025 பருவத்தில் ‘ஈராஸ்’ விண்ணப்பத் தளத்தின் கட்டணம் முதல் 30 இடங்களுக்குத் தலா 11 டாலர், அதற்கு மேல் தலா 30 டாலர். வெளிநாட்டில் படித்தவர் 150 இடங்களுக்கு விண்ணப்பித்தால் இதற்கு மட்டும் 3,930 டாலர் ஆகிறது. தேர்வுக் கட்டணம், சான்றிதழ், ஆங்கிலத் தேர்வு எல்லாம் தனி. நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளை கடன் வாங்கித்தான் இதைக் கட்ட வேண்டியிருக்கிறது.

குவியும் விண்ணப்பங்களைச் சமாளிக்க ‘சிக்னல்’ முறை வந்தது. இன்டர்னல் மெடிசினுக்கு விண்ணப்பிப்பவர் மூன்று இடங்களுக்குத் தங்க சிக்னலும் பன்னிரண்டு இடங்களுக்கு வெள்ளி சிக்னலும் அனுப்பலாம். “உங்களிடம் வர உண்மையிலேயே விரும்புகிறேன்” என்று சொல்லும் வழி அது. புகழ்பெற்ற பெயர்களுக்கே எல்லா சிக்னலையும் செலவழித்துவிட்டு, தன்னைப் போன்றவர்களை ஆண்டுதோறும் சேர்த்துக்கொள்ளும் இடங்களை விட்டுவிடுபவர்கள் நிறைய. ஒரு மருத்துவமனையின் இணையதளத்தில் இப்போதைய ரெசிடென்ட்கள் எந்தக் கல்லூரிகளிலிருந்து வந்தவர்கள் என்ற பட்டியல் இருக்கும். அதை நிதானமாகப் படிப்பது, எந்த ஆலோசனை நிறுவனத்துக்கும் பணம் கட்டுவதைவிடப் பயன் தரும்.

2025-ல் அமெரிக்க எம்.டி. கல்லூரிகளின் இறுதியாண்டு மாணவர்களில் 93.5 சதவீதம் பேருக்கு இடம் கிடைத்தது. அமெரிக்கக் குடியுரிமை இல்லாத வெளிநாட்டுப் பட்டதாரிகளில் 58 சதவீதம் பேருக்குத்தான். இடமில்லை என்ற செய்தி வெள்ளிக்கிழமைக்கு முன்பே, அந்த வாரத் திங்களன்றே வந்துவிடும். அடுத்த மூன்று நாட்களில் நிரம்பாத இடங்களுக்கு அவசர விண்ணப்பம், அவசரத் தொலைபேசி, அவசர முடிவு.

இந்தப் பாதையை அருகிலிருந்து எழுதியவர் ஆபிரகாம் வர்கீஸ். எத்தியோப்பியாவில் பிறந்த மலையாளி. சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றவர். 1980-ல் டென்னசி மாநிலத்தின் ஜான்சன் சிட்டி என்ற சிற்றூரில் இன்டர்னல் மெடிசின் ரெசிடென்டாகச் சேர்ந்தார். அமெரிக்க மாணவர்கள் எட்டிப் பார்க்காத மருத்துவமனைகளுக்கு வெளிநாட்டு டாக்டர்கள் ஒருவர் காலடியை ஒருவர் பின்பற்றிப் போய்ச் சேரும் விதத்தை 1997-ல் ‘நியூயார்க்கர்’ இதழில் எழுதினார். இன்றும் வெளிநாட்டில் படித்தவர்கள் மிக அதிகமாகச் சேரும் துறை இன்டர்னல் மெடிசின்தான்.

இடம் கிடைத்தவர்கள் ஜூலை தொடக்கத்தில் வார்டுக்குள் வருகிறார்கள். முதலாண்டுக்காரர் இன்டர்ன், மேலே சீனியர் ரெசிடென்ட், எல்லோருக்கும் மேலே அட்டெண்டிங் டாக்டர். இன்டர்ன் ஒரே நேரத்தில் பத்து நோயாளிகளுக்கு மேல் பார்க்கக் கூடாது, அட்மிஷன் நாளில் ஐந்து புது நோயாளிகளுக்கு மேல் ஏற்கக் கூடாது என்று விதி உண்டு. பத்து என்பது காகிதத்தில் சின்ன எண். வார்டில் அது எப்படி இருக்கும்?

இதயம் பலவீனமாகி, உடம்பெல்லாம் நீர் கோத்து அட்மிட் ஆன ஒரு முதியவரை எடுத்துக்கொள்வோம். ரவுண்ட்ஸ் தொடங்குமுன், காலை ஆறு மணிக்கெல்லாம் இன்டர்ன் அவரது எண்களைப் பார்த்துவிட வேண்டும். சிறுநீர் பிரிக்கும் ஊசியால் எடை இரண்டு கிலோ குறைந்திருக்கிறது. நல்ல செய்தி. ஆனால் ரத்தத்தில் கிரியாட்டினின் ஏறியிருக்கிறது, சிறுநீரகம் திணறுகிறது. நீரை அதிகமாக எடுத்துவிட்டோமா? அப்படியானால் ஊசியை நிறுத்த வேண்டும். அல்லது உள்ளே தேங்கிய நீர் சிறுநீரகத்தை இன்னும் அழுத்திக்கொண்டிருக்கிறதா? அப்படியானால் ஊசியைக் கூட்ட வேண்டும். ஒரே எண்ணுக்கு நேரெதிரான இரண்டு வைத்தியம். பதில் படுக்கையருகில் இருக்கிறது. தலைமாட்டை 45 டிகிரி உயர்த்தி, முகத்தை லேசாகத் திருப்பி, கழுத்துச் சிரையின் துடிப்பு எவ்வளவு உயரத்தில் தெரிகிறது என்று பார்க்க வேண்டும். கணுக்காலுக்கு மேல் கட்டைவிரலால் அழுத்தி, குழி விழுகிறதா என்று பார்க்க வேண்டும். கழுத்துச் சிரை இன்னும் புடைத்திருந்தால் நீர் போகவில்லை என்று ஊகிக்கலாம். ஏழரை மணிக்கு அட்டெண்டிங் முன் நின்று, தான் கண்டதையும் அதிலிருந்து எடுத்த முடிவையும் சொல்ல வேண்டும். “நீ ஏன் அப்படி நினைக்கிறாய்?” என்ற கேள்விக்கு மூன்று ஆண்டுகள் விடாமல் பதில் சொல்வதுதான் இந்தப் பயிற்சி.

அதற்கான நேரம் கிடைக்கிறதா என்பதுதான் கேள்வி. பால்டிமோரில் இரண்டு மருத்துவமனைகளின் இன்டர்ன்களைப் பின்தொடர்ந்து கவனித்து 2013-ல் ஓர் ஆய்வு வெளியானது. நோயாளியோடு நேரடியாக அவர்கள் இருந்தது வேலை நேரத்தில் 12 சதவீதம். கணினி முன் 40 சதவீதம். நோயாளியைவிடத் திரையிலுள்ள அவரது பதிவே கவனிக்கப்படுகிறது என்று வர்கீஸ் 2008-லேயே எச்சரித்திருந்தார். ஸ்டான்ஃபோர்டில் உடல் பரிசோதனையின் 25 அடிப்படைத் திறன்களைக் கற்றுத்தரும் திட்டத்தையும் அவர் குழு நடத்துகிறது. ரெசிடென்சி பற்றிய விவாதங்கள் பெரும்பாலும் எத்தனை மணி நேரம் என்பதைச் சுற்றியே நடந்திருக்கின்றன. அந்த மணிகள் எங்கே போகின்றன என்பது அதைவிடக் கடினமான கேள்வி. அதற்கு இன்னும் விதி எழுதப்படவில்லை.

மணிக்கணக்கு விவாதத்துக்கு ஒரு சாவு பின்னணியில் இருக்கிறது. 1889-ல் திறந்த ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் வில்லியம் ஆஸ்லர் வகுத்த முறையில் பயிற்சி டாக்டர்கள் மணமாகாதவர்களாக, மருத்துவமனையிலேயே தங்கி, இரவு பகல் பாராமல் வேலை செய்தார்கள். ஒரு நூற்றாண்டு அப்படியே ஓடியது. 1975-ல் நியூயார்க் ரெசிடென்ட்கள் வேலைநிறுத்தம் செய்துதான், மூன்று இரவுக்கு ஒரு முறைக்கு மேல் இரவு டியூட்டி கூடாது என்பதையே பெற முடிந்தது. 1984 மார்ச்சில் லிபி ஸயான் என்ற 18 வயது கல்லூரி மாணவி காய்ச்சலோடும் உடல் உதறலோடும் நியூயார்க் மருத்துவமனை ஒன்றில் சேர்க்கப்பட்டார். பல நோயாளிகளைச் சுமந்துகொண்டிருந்த இளம் டாக்டர்கள் அவரைப் பார்த்தார்கள். அவர் ஏற்கெனவே உட்கொண்டிருந்த மனச்சோர்வு மாத்திரையோடு சேரக்கூடாத ஓர் ஊசி போடப்பட்டது. விடியற்காலையில் உடல் வெப்பம் எல்லை மீறி ஏறி, இதயம் நின்றுவிட்டது. அவருடைய தந்தை பத்திரிகையாளர் சிட்னி ஸயான். அவர் விடவில்லை. விசாரணை, குழு, பரிந்துரை என்று நகர்ந்து, 1989-ல் நியூயார்க் மாநிலம் வாரத்துக்கு 80 மணி நேரம் என்ற வரம்பைக் கொண்டுவந்தது. நாடு முழுவதற்கும் அது வர 2003 ஆயிற்று.

சோர்வு தவறுகளைக் கூட்டுகிறது என்பதற்குச் சான்று உண்டு. 24 மணி நேரத்துக்கு மேல் நீளும் பழைய முறை டியூட்டியில், தீவிர சிகிச்சைப் பிரிவு இன்டர்ன்கள் செய்த கடுமையான தவறுகள் சுமார் 36 சதவீதம் அதிகம் என்று 2004-ல் ஓர் ஆய்வு காட்டியது. 2011-ல் இன்டர்ன்களுக்கு 16 மணி நேர உச்சவரம்பு வந்தது. பிறகு 63 இன்டர்னல் மெடிசின் திட்டங்களை இரு பிரிவாக்கி ஒப்பிட்ட பெரிய ஆய்வில், நீண்ட டியூட்டி அனுமதிக்கப்பட்ட இடங்களில் நோயாளிகளின் இறப்பு கூடவில்லை என்று தெரிந்தது. ஆனால் அங்கிருந்த இன்டர்ன்களுக்கு மனநிறைவு குறைவு, நிர்வாகிகளுக்கு அதிகம். அதன் முடிவுகள் வரும் முன்பே, 2017-ல், 24 மணி நேர டியூட்டி திரும்பிவிட்டது. நோயாளி சாகவில்லை என்பது மட்டுமே அளவுகோலாக இருந்தால் போதாது. 25 வயதில் ஒரு மனிதரைத் தூங்க விடாமல் வைத்திருப்பதற்கு அதைவிட வலுவான காரணம் வேண்டும்.

டியூட்டி சுருங்கினால் கைமாற்றம் கூடும் என்பது எதிர்த்தரப்பின் வாதம். அதில் உண்மை இருக்கிறது. மாலையில் போகிறவர் இரவில் வருகிறவரிடம் நோயாளிகளை ஒப்படைக்கும் அந்தச் சில நிமிடங்களில் செய்தி சிதறுகிறது. இதற்கு விடை கண்டவர்கள் குழந்தை மருத்துவர்கள். எவ்வளவு முடியாமல் இருக்கிறார், என்ன நோய், செய்ய வேண்டியது என்ன, இரவில் என்ன நடக்கலாம், நடந்தால் என்ன செய்வது என்று ஒரே வரிசையில் சொல்லி, கேட்டவர் தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். ‘ஐ-பாஸ்’ என்ற இந்த முறையால் ஒன்பது மருத்துவமனைகளில் தவறுகள் 23 சதவீதம் குறைந்தன என்று 2014-ல் வெளியிட்டார்கள். “ஒன்பதாம் படுக்கைக்காரருக்குக் காய்ச்சல் வந்தால் ரத்தத்தைக் கல்ச்சருக்கு அனுப்புங்கள், பென்சிலின் மட்டும் வேண்டாம், அலர்ஜி” என்று ஒரு வாக்கியம் சரியாகப் போய்ச் சேர்வதில் ஓர் உயிர் இருக்கிறது.

36 மாதங்கள் முடிந்தபின் வாரியத் தேர்வு. பிறகு சிலர் சிறப்புப் பயிற்சிக்குப் போகிறார்கள், சிலர் அப்படியே வேலைக்குப் போகிறார்கள். ஜே-1 விசாவில் வந்தவர்கள் இரண்டு ஆண்டுகள் சொந்த நாட்டுக்குத் திரும்ப வேண்டும். இல்லையென்றால் டாக்டர் பற்றாக்குறை உள்ள பகுதியில் மூன்றாண்டு வேலை பார்க்க வேண்டும். 1994 முதல் உள்ள இந்தச் சலுகையில் ஒரு மாநிலத்துக்கு ஆண்டுக்கு 30 இடங்கள். உள்ளூர் டாக்டர்கள் போகாத ஊர்கள் பல இப்படி வருகிறவர்களை நம்பித்தான் இருக்கின்றன.

2025 செப்டம்பரில், வெளிநாட்டிலிருந்து வருவோருக்கான புது எச்-1பி வேலை விசா மனு ஒன்றுக்கு 100,000 டாலர் கட்டணம் என்று அமெரிக்க அதிபர் அறிவித்தார். முதலாண்டு ரெசிடென்ட் ஓர் ஆண்டு முழுக்க வாங்கும் சம்பளத்தைவிட இது அதிகம். டாக்டர்களுக்கு விலக்கு வேண்டும் என்று அமெரிக்க மருத்துவச் சங்கமும் ஐம்பதுக்கும் மேற்பட்ட மருத்துவ அமைப்புகளும் எழுதிக் கேட்டன. அடுத்த பருவத்து விண்ணப்பங்களை மருத்துவமனைகள் பார்க்கத் தொடங்கும் அதே மாதத்தில்தான் அந்த அறிவிப்பு வந்தது. ஊர் ஊராகப் பட்டியல் தயாரிப்பவர்கள் இப்போது மதிப்பெண் வரம்பைப் பார்க்குமுன் எந்த மருத்துவமனை எந்த விசா தரும் என்பதைத்தான் தேடுகிறார்கள்.