லாரி டயர்களின் காற்றழுத்தம்

நெல்லும் கரும்பும் ஏற்றும் லாரிகளை உடைய விவசாயிகள், டயரின் காற்றைப் பாரத்திற்குத் தக்கபடி வைத்தல் அவசியம். காற்றுக் குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிர்வதால் உஷ்ணம் மிகுந்து, பாரத்தோடு ஓடுகையில் வெடிக்கவும் கூடும். மிகுந்த காற்றோ நடுப்பட்டையைத் தேய்க்கும். வேண்டிய அளவை டயர் செய்தோர் தரும் பாரப் பட்டியலிற் காணலாம். வேன்களுக்குக் கதவோரத்தில் ஒட்டிய சீட்டே பிரமாணம்.

காலையில் வண்டி ஓடுமுன் அளத்தல் வேண்டும். ஓடியபின் அழுத்தம் தானே ஏறும். அதைக் கண்டு காற்றை இறக்கலாகாது. இரட்டைச் சக்கரத்தின் உள்டயரைப் பலர் அளப்பதேயில்லை. அதில் காற்றுக் குறைந்தால் அதன் பாரமும் வெளிடயரின்மேல் விழும். கட்டையால் தட்டிப் பார்ப்பது போதாது. சதுர அங்குலத்திற்கு 110 இராத்தலையும் 80 இராத்தலையும் காது பிரித்தறியாதாகையால், அழுத்தமானி கொண்டே அளத்தல் வேண்டும்.