உப்பைக் காக்கும் சுரப்பியில் ஓர் எழுத்துப் பிழை

மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021இல் தொடங்கிய பின் சேலம், நாமக்கல் சமவெளிச் சிற்றூர்களில் பிரஷர் மாத்திரை வீடு தேடி வருகிறது. ஆயினும் மூன்று வகை மருந்துகளுக்கும் ரத்த அழுத்தம் அடங்காதவர்களில் சிலருக்கு நோயின் வேர், சிறுநீரகத்தின் உச்சியில் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பியில் இருக்கிறது.

இச்சுரப்பியின் புறணியில் ஊறும் ஆல்டோஸ்டீரோன் என்னும் ஹார்மோன், சோடியத்தை உடலில் நிறுத்தி, பொட்டாசியத்தைச் சிறுநீர்வழி வெளியேற்றுவது. புறணியில் தோன்றும் சிறு கட்டி ஒன்று, உடலின் தேவையைப் பாராமல் இதைச் சுரந்துகொண்டேயிருந்தால் ரத்த அழுத்தம் ஏறும். பொட்டாசியம் குறைந்து தசைகள் தளரும். அமெரிக்க மருத்துவர் ஜெரோம் கான் 1955இல் இந்நோயை விளக்கினார் எனினும், கட்டி ஏன் கட்டுக்கடங்காமல் சுரக்கிறது என்பது அரை நூற்றாண்டுக்கு மேல் விளங்கவில்லை.

யேல் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் லிஃப்டன் குழுவினர் 2011இல் ஆராய்ந்த 22 கட்டிகளில் 8இல், கேசிஎன்ஜே5 என்ற மரபணுவில் பிறழ்வு, அதாவது டிஎன்ஏ எழுத்துவரிசையில் மாற்றம், இருந்தது. இம்மரபணு ஆக்கும் புரதம், செல்லின் சவ்வில் பொட்டாசியத்துக்கு மட்டும் வழிவிடும் நுண்வாயில் ஆகும். அவ்வாயிலின் மிகக் குறுகிய இடத்தில், 151ஆம் இருக்கையில், அமினோ அமிலங்களிலேயே சிறியதான கிளைசின் இருக்க வேண்டும். ஓர் எழுத்து மாறியதால் பருத்த, மின்னேற்றமுள்ள ஆர்ஜினின் அங்கே வந்துவிடும்போது சோடியமும் உள்ளே புகுகிறது, செல்லின் மின்னழுத்தம் குலைகிறது, அதனால் கால்சியத்தின் கதவுகள் திறக்கின்றன, உள்ளே பெருகும் கால்சியமோ ஹார்மோனைச் சுரக்கச் செய்கிறது. 2013இல் வேறு கட்டிகளில் அயனிகளை இறைக்கும் புரதங்களின் மரபணுக்களிலும் கால்சிய வாயிலின் மரபணுவிலும் பிறழ்வுகள் தெரியவந்தன. பிழை நேர்ந்த இடங்கள் வெவ்வேறாயினும் அவை போய்ச் சேரும் இடம் பெரும்பாலும் இதே கால்சியம்தான் என்பது இவ்வாய்வுகளின் மிக அழகிய கண்டுபிடிப்பு. இதே புறணியில் கார்டிசால் என்னும் மற்றொரு ஹார்மோனைச் சுரக்கும் கட்டிகளில் பிஆர்கேஏசிஏ என்ற மரபணுவின் பிறழ்வு 2014இல் கண்டறியப்பட்டது.

மேற்சொன்ன பிறழ்வுகள் பெரும்பாலும் கட்டியின் செல்களில் மட்டுமே வாழ்நாளின் இடையில் நேர்பவை, பிள்ளைகளுக்குச் செல்லாதவை. சுரப்பியின் உட்பகுதியில் எழுந்து அட்ரினலின் வகை ஹார்மோன்களைக் கொட்டும் ஃபியோகுரோமோசைட்டோமா கட்டியின் நிலை வேறு: அந்நோயுள்ளவர்களில் கணிசமானோர் ரெட், விஎச்எல், எஸ்டிஎச்பி போன்ற மரபணுக்களின் பிறழ்வைப் பிறவியிலேயே பெற்றவர்கள். இத்தகைய நோயாளிகளின் மரபணுக்களை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி ஆராய்ந்து முடிவுகளை வெளியிட்டுள்ளது. அங்ஙனம் பிறவிப் பிறழ்வு உறுதியானால், நோயாளியின் உடன்பிறந்தாரும் பிள்ளைகளும், உடல்நலக் குறை ஏதும் தெரியாவிட்டாலும், அதே பிறழ்வுக்கான ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டியவர்களே; கட்டி சிறிதாக இருக்கும்போதே அதைக் கண்டு அகற்ற அவர்களுக்கு வாய்ப்பளிப்பது அந்தச் சோதனைதான்.