அறங்கூறவையம்

மன்றம் என்னும் சொல் பண்டைத் தமிழில் ஊர்ப் பொதுவிடத்தைக் குறித்தது. பெரும்பாலும் அது மரத்தடியே. ஊரார் கூடுதற்கும் வழக்குத் தீர்த்தற்கும் அந்நிழலே போதியதாயிற்று. சுவரில்லை, வாயிலில்லை, ஆதலின், எவரையும் புறத்தே நிறுத்த வழியுமில்லை. பேரூர்களில் அறங்கூறவையம் எனப்பட்ட நீதிமன்றம் தனியே விளங்கிற்று. உறையூர் அவையத்தின் நடுவுநிலையைச் சங்கப் புலவர் போற்றியுள்ளனர்.

ஆங்கிலேயர் ஆட்சியில் சிறு வழக்குகளை முன்சீப்பு நீதிமன்றங்கள் கேட்டன. பெருவழக்குகளுக்கு மாவட்டத் தலைநகர்க்கே செல்லவேண்டும். வட ஆர்க்காட்டு மாவட்டத்திற்கு 1911 வரை சித்தூரே தலைநகர். ஆம்பூரில் தோல் பதனிடுவோராயினும், அவர்தம் அண்டை நிலத்து உழவராயினும், பாலாற்றைக் கடந்து வடக்கே நெடுந்தொலைவு செல்லல் வேண்டும். கட்டுச்சோற்றோடு சான்றாளரையும் அழைத்துச் செல்லவேண்டும். வழக்கு ஒத்திவைக்கப்படின் மீண்டும் அதே வழிநடை! 1911இல் தலைநகர் வேலூர்க்கு மாறிற்று. இன்று அந்நகரின் நீதிமன்றங்கள் சத்துவாச்சாரியில் ஒரே வளாகத்துள் இயங்குகின்றன.

நீதிமன்றக் கூடத்தின் அமைப்பு எங்கும் ஏறத்தாழ ஒன்றே. நீதிபதியின் இருக்கை மேடைமேல் உயர்ந்திருக்கும். அவர் கண்ணுக்கும் செவிக்கும் எட்டுமாறு ஒருபுறம் சாட்சிக்கூண்டு. எதிரே வழக்கறிஞர் மேசை. அதன் பின்னே மக்கள் அமரும் விசிப்பலகைகள். சில வழக்குகள் நீங்கலாக, விசாரணை பலரறிய நடைபெறுதலே முறை. ஆதலின் கதவு திறந்திருக்கும். மரத்தடி மன்றத்தின் பண்பு இவ்வொன்றிலேனும் எஞ்சியுள்ளது.

வேலூர் வழக்குகள் மேல்முறையீட்டிற்குச் செல்லும் சென்னை உயர்நீதிமன்றமோ கண்கொள்ளாக் காட்சியாகும். பிராசிங்டன் வகுத்த திட்டத்தை ஹென்றி இர்வின் திருத்தி நிறைவேற்ற, 1892இல் அம்மாளிகை திறக்கப்பட்டது. செங்கற்சுவர்களும், குவிமாடங்களும், வண்ணக் கண்ணாடிப் பலகணிகளும் அமைந்த அதன் பாணியை இந்தோ-சாரசெனிக் என்பர். அகன்ற தாழ்வாரங்கள் வெயிலைத் தடுத்துக் காற்றை உள்ளே விடுகின்றன. அதன் உச்சிக் கோபுரத்தில் 1894 முதல் பல்லாண்டு கலங்கரை விளக்கம் எரிந்தது. அறமன்றத்தின் தலையில் கடலோடிகட்கு வழிகாட்டும் விளக்கை வைத்தமை பொருத்தமேயன்றோ?

அம்மாளிகைக்குப் பாலாற்றங்கரையின் பெருவழக்கொன்றும் வந்தது. தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவுநீரால் அக்கரையில் ஏறத்தாழ 35,000 எக்டேர் நிலம் முழுமையாகவோ ஓரளவோ பயிர்க்குதவாது போயிற்று; கிணறுகளும் கெட்டன. வேலூர்க் குடிமக்கள் நல மன்றத்தார் 1991இல் தில்லி உச்சநீதிமன்றத்தை அணுகினர். மாசுபடுத்தியவரே இழப்பீடும், நிலத்தையும் நீரையும் சீர்செய்யும் செலவும் தரவேண்டும் என்று 1996 ஆகஸ்டு 28ஆம் நாள் தீர்ப்பு வந்தது. அதன் நிறைவேற்றத்தைக் கண்காணிக்கச் சென்னை உயர்நீதிமன்றத்தில் 'பசுமை அமர்வு' அமைக்கவும் ஆணை பிறந்தது. தில்லிவரை சென்ற வழக்கு இங்ஙனம் பாலாற்றுக்குச் சற்று அண்மையில் திரும்பிற்று.

எனினும், தீர்ப்பு எழுதப்படுதல் வேறு. அதன் பயன் உழவன் கைக்கு வருதல் வேறு. 2025 சனவரி 30ஆம் நாள் உச்சநீதிமன்றம் மீண்டும் ஆணையிட்டது: இழப்பீடு பெறாத குடும்பங்கள் உளவாயின், ஆறு வாரங்களுக்குள் அவற்றிற்கு வழங்குக என்று.