மலையேறிய பந்தய வம்சம்

சித்திரை பிறந்து நுவரெலியாவில் சீசன் களைகட்டியதும், எங்கள் வட்டவளைத் தோட்டங்களிலிருந்து கூட ஜனங்கள் பஸ்ஸேறிச் சென்று குதிரைப் பந்தயத்தைக் கண்டு களிப்பதுண்டு. ஆனால் அங்கே பந்தயத் திடல் உருவாவதற்குக் கால் நூற்றாண்டுக்கு முன்னரே, இங்கிலாந்தில் பெருங்கீர்த்தி பெற்ற ஜாதிக் குதிரையொன்றின் புத்திரன் அந்த மலைநகரை நோக்கிக் கப்பலேற்றப்பட்டது.

அந்தத் தந்தைக் குதிரைக்குப் பன்னிரண்டாம் சார்ல்ஸ் என்று பெயர். அது 1836 இல் பிறந்தது; அதன் தந்தைக் குதிரை வொல்டயர். பிரெஞ்சு ஆசிரியர் வொல்டயர் ஸ்வீடன் மன்னன் பன்னிரண்டாம் சார்ல்ஸின் சரித்திரத்தை எழுதியவராதலால், ஆசிரியரின் நாமம் தந்தைக்கும் சரித்திர நாயகனின் நாமம் மகனுக்குமாக அமைந்தது. குதிரை வளர்த்த கனவான்களுக்கும் புத்தக வாசனை இருந்திருக்கிறது!

1839 இல் டொன்காஸ்டரில் நடந்த செயின்ட் லெஜர் பந்தயமே அதன் வாழ்வின் சிகரம். 1¾ மைலுக்கு மேற்பட்ட அந்த ஓட்டத்தின் முடிவில் சார்ல்ஸும் யூக்ளிட் என்னும் குதிரையும் மயிரிழையும் பிரிக்க இயலாதபடி ஒருங்கே எல்லைக் கோட்டைக் கடந்தமையால், அக்கால வழக்கப்படி, களைத்துப்போன அவ்விரண்டையுமே மறுபடியும் முழுத் தூரத்துக்கு ஓடவிட்டார்கள். பில் ஸ்கொட் செலுத்திய சார்ல்ஸ் ஒரு தலையளவு முந்தி வென்றது. இன்றைக்கு அப்படியோர் ஓட்டத்தை யாரும் அனுமதிக்கமாட்டார்கள்; அனுமதியாதிருப்பதே தர்மம். பின்னர் 1841, 1842 ஆகிய இரு வருஷங்களிலும் குட்வுட் கிண்ணத்தையும் அது தொடர்ந்து வென்றது.

பின்னாளில் நைல் நதியாராய்ச்சியால் புகழ்பெற்ற சாமுவேல் பேக்கர், 1848 இல் நுவரெலியாவில் ஆங்கிலப் பண்ணையொன்றை ஸ்தாபிக்கத் துணிந்தபோது, மாடு, செம்மறிக் கடா, வேட்டை நாய் முதலியவற்றோடு சார்ல்ஸின் வாரிசான பொலிகுதிரையொன்றையும் வாங்கினார். ரயில் எட்டிப்பாராத அந்நாளில் மலைப்பாதை எத்தகையது என்பதற்கு, அவருடைய வண்டியொன்று குதிரைகளோடு 80 அடிப் பள்ளத்தில் உருண்டதே சாட்சி. அவருடைய சகோதரர் ஜோன் பேக்கரே இம்மலைநாட்டில் பந்தயக் குதிரை வளர்ப்புக்கு வித்திட்டவர் என்பர்.

ஓட்டத்தில் சிறந்தது வம்சவிருத்தியிலும் சிறக்குமென்ற நம்பிக்கையிலேயே பொலிகுதிரை வியாபாரம் நடக்கிறது. சார்ல்ஸ் விஷயத்தில் அந்த நம்பிக்கை பலிக்கவில்லை. அதன் சந்ததியில் தந்தைக்கு நிகரானது தோன்றவில்லை. அதே வொல்டயருக்கு வேறொரு தாய்வயிற்றிற் பிறந்த வொல்டிஜரோ, 1850 இல் டார்பியை வென்றதோடு, செயின்ட் லெஜரில் அண்ணனைப் போலவே சமநிலையில் முடித்து மறு ஓட்டத்தில் வென்றது. அதன் கொள்ளுப்பேரனான செயின்ட் சைமன், பிரிட்டனின் தலைசிறந்த பொலிகுதிரையென 9 முறை முதலிடம் பெற்றது. ஆயினும் பேக்கரைக் குறைகூற நியாயமில்லை. அவர் கப்பலேறிய 1848 இல் வொல்டிஜர் ஒரு வயதுக் குட்டி.