டியூட்டி சார்ட் சொல்லும் சாதி

ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை முதல், 1838-இல் லண்டன் மிஷன் மருத்துவப் பணியைத் தொடங்கிய நெய்யூர் வரை, நம் மாவட்டத்தில் மருத்துவமனைகளுக்குக் குறைவில்லை. அவற்றில் வேலை பார்க்கும் கனவோடு நம் காலனிப் பிள்ளைகளும் நர்சிங் படிக்கிறார்கள். வேலை கிடைத்துவிட்டால் போதும் என்று பெற்றோர் நினைக்கிறார்கள். யாருக்குக் கீழே வேலை என்பது அதற்குப் பிறகு வரும் கேள்வி.

'மேலதிகாரி மீது திருப்தியா?' என்று ஒரு தாளைக் கொடுத்துக் கேட்டால், பலரும் 'திருப்தி' என்றே எழுதுவார்கள். அந்தத் தாளை வாங்கி வைப்பவரே மேலதிகாரி என்றால் வேறென்ன எழுதுவது? ஒப்பந்தச் செவிலியருக்கு அச்சம் இன்னும் கூடுதல். 2015-இல் மாதம் 7,700 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் எடுக்கப்பட்ட அரசுச் செவிலியர்கள் பணி நிரந்தரம் கேட்டு 2017-இல் சென்னையில் போராடியதை நாம் மறக்கவில்லை.

ஆகவே கேள்வியை மாற்றிக் கேட்போம். தொடர்ந்து நைட் டியூட்டி யாருக்கு விழுகிறது? பொங்கலுக்கும் கிறிஸ்துமஸுக்கும் லீவு யாருக்குக் கிடைக்கிறது? ஒருத்தியை 'சிஸ்டர்' என்றும், இன்னொருத்தியை 'எட்டி' என்றும் கூப்பிடுகிறார்களா? பதில்களில் சாதி தெரிந்தால், 'திருப்தி' என்ற சொல்லுக்கு மதிப்பில்லை.

இது சின்ன விஷயமல்ல. மும்பை நாயர் மருத்துவமனையில் மேற்படிப்புப் படித்துவந்த பழங்குடி டாக்டர் பாயல் தட்வி, 2019 மே 22 அன்று தன் உயிரை மாய்த்துக்கொண்டார். சாதியைச் சொல்லி இழிவுபடுத்தியதாக சீனியர் டாக்டர்கள் மூவர் மீது வழக்குப் பதிவாகி, அவர்கள் கைதானார்கள். முன்பே முறையிட்டும் யாரும் கேட்கவில்லை என்றார் அவருடைய தாய் ஆபிதா. டாக்டருக்கே இந்த நிலை என்றால், அவருக்குக் கீழ்ப்படியில் நிற்கும் செவிலியரின் குரல் எங்கே எட்டும்?

சட்டம் இருக்கிறது. 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி, நாலு பேர் அறியச் சாதிப் பெயரைச் சொல்லித் திட்டுவது குற்றம். வழக்குப் பதியும் முன் பூர்வாங்க விசாரணை தேவையில்லை என்று 2018-இல் திருத்தமும் வந்தது. டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாத அதிகாரிதான் விசாரிக்க வேண்டும். ஆனால், மூடிய அறைக்குள் தனியாக வைத்து இழிவுபடுத்தினால் இந்தப் பிரிவில் நிரூபிப்பது கடினம். ஓரவஞ்சனையாகப் போட்ட டியூட்டி சார்ட்டை இந்தப் பிரிவு தொடுவதே இல்லை.

அந்த ஓட்டையை மருத்துவமனைதான் அடைக்க வேண்டும். மாதம் முழுவதற்குமான டியூட்டி சார்ட்டை எல்லோரும் பார்க்கச் சுவரில் ஒட்டட்டும். நைட் டியூட்டி முறை வைத்து வரட்டும். புகாரை வாங்குபவர் அதே வார்டின் மேலதிகாரியாக இருக்கக் கூடாது. கலெக்டர் தலைமையிலான மாவட்ட விழிகண் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும் என்பது விதி. மருத்துவமனைப் புகார்களையும் அங்கே எழுப்பலாம்.

நர்சிங் படிக்கும் தங்கைகளே, ஊசி போடப் படிப்பதோடு இதையும் படித்து வையுங்கள். உங்களுக்குப் போட்ட டியூட்டியைத் தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். நாளை முறையிடும்போது உங்களுக்காகப் பேசுவது அந்த நோட்டுதான்.