‘தி ரிவர்’ திரைப்படமும் கைக்கிளையும்

கைக்கிளை அன்பின் ஐந்திணைக்குப் புறத்தே வைக்கப்பட்டது. ஆதலின் அதனைக் குறைபட்ட காதல் என்று கொள்வாரும் உளர். அக்கொள்கையை மீண்டும் ஆராய்தற்கு, 1951-இல் வெளிவந்த ‘தி ரிவர்’ என்னும் திரைப்படம் துணைசெய்யும் என யாம் கருதுகின்றோம்.

இது பன்னாட்டார் கூட்டுமுயற்சி. இயக்கியவர் பிரெஞ்சு நாட்டு ழான் ரெனுவார். தயாரித்தவர் அமெரிக்கரான கென்னத் மக்கெல்டவ்னி. மூலம், ஆங்கில எழுத்தாளர் ரூமர் காடன் 1946-இல் வெளியிட்ட நாவல். படம்பிடித்த இடம் வங்காளம். தமிழகத்திற்கும் இதிற் பங்குண்டு. அடையாற்றுக் கலாட்சேத்திரத்தில் பரதம் பயின்ற ராதா, மெலனி என்னும் பாத்திரமாக நடித்தார். மெலனி மூல நாவலில் இல்லாதவள், படத்திற்கெனப் படைக்கப்பட்டவள்.

போரில் ஒரு காலை இழந்த ஜான் என்னும் அமெரிக்கப் படைத்தலைவன்மீது, ஆற்றங்கரை வீட்டுச் சிறுமி ஹாரியட் காதல் கொள்கின்றாள். அவன் அவளைக் குழந்தையாகவே காண்கின்றான்.

காமம் நிரம்பாத இளையாள், அவளை விரும்பும் ஆண்மகன், மறுமொழி பெறாமலே அவன் சொல்லி இன்புறுதல் ஆகியன தொல்காப்பியர் கைக்கிளைக்குக் கூறும் கூறுகள். படத்திலோ இளையாளே விரும்புகின்றாள். இது கைக்கிளை ஆகுமோ எனின், ஆகும். பெண்பாற் கூற்றினையும் புறப்பொருள் வெண்பாமாலை கைக்கிளையுள் அடக்கிற்று.

ஈண்டு நோக்கத்தக்கது ‘சொல்லி இன்புறுதல்’ என்னும் கூறே. ஹாரியட் கவிதை எழுதுபவள், கதை புனைபவள். அவள் சொல்லும் கதையில் சிற்றூர் மணமகன் கண்ணனாகவும் மணமகள் ராதையாகவும் மாறுகின்றனர். ஆடல் முடிந்தபின் பழைய உருவே பெறுகின்றனர். மணமகளாக மெலனி ஆடும் பரதம் வெறும் அணியன்று. சிறுமி தனக்கென்று சொல்லவியலாத விழைவு கதையாகிப் பிறிதொருத்தியின் மெய்ப்பாட்டில் வெளிப்படுகின்றது. படம் முழுவதையும் வளர்ந்த ஹாரியட்டின் குரலே எடுத்துரைக்கின்றது என்பதும் கருதத்தக்கது. காதலன் நீங்கினான், சொல் நின்றது.

ஆறு இதற்கு முதற்பொருளாய் அமைகின்றது. கொள்ளிடக் கரைத் திருமானூரில் வாழ்வார்க்கு இது விளங்கச் சொல்ல வேண்டுவதில்லை. வெள்ளம் வரினும் வற்றினும் கரைவாழ்வு ஆற்றோடு ஒட்டியே நடக்கும். தம்பி பாம்பு தீண்டி இறந்தபின், ஹாரியட் உயிர்விடத் துணிந்து செல்வதும் இவ்வாற்றிற்கே. பிழைத்து மீள்வதும் இதினின்றே. இறுதியில் ஜானின் கடிதம் வருகின்றது. அப்போது வீட்டில் புதிதாய்ப் பிறந்த குழந்தையின் அழுகுரல் கேட்கவே, பெண்கள் கடிதத்தை மறந்து உள்ளே ஓடுகின்றனர். மறுமொழி வந்தும் அதன் தேவை நீங்கியது.

ஆகவே கைக்கிளை, நிறைவேறாமையால் மட்டும் இழிந்தது ஆகாது. கேட்பார் இன்றியும் சொல்லாய் மலரும் அதன் இயல்பே கவிதைக்கு ஒரு தோற்றுவாய் எனக் கொள்ளுதல் பொருந்தும்.