காருக்குள் ஒரு கச்சேரி
(பி.எஸ்ஸி. இயற்பியல், இரண்டாம் ஆண்டு)

கச்சேரி தொடங்குமுன் தம்புரா மீட்டப்படுகிறது. மிருதங்கக்காரர் சிறு கல்லால் தட்டித் தட்டித் தம் வாத்தியத்தைச் சுருதியோடு சேர்க்கிறார். அவையோர் பொறுமையோடு காத்திருக்கின்றனர். சுருதி சேராத கச்சேரியை யார் கேட்பார்? ஆனால் பல ஆயிரம் ரூபாய் செலவிட்டுக் காரில் பாட்டுக் கருவி பொருத்தும் நாம், அதற்கும் சுருதி சேர்க்க வேண்டும் என்று எண்ணிப் பார்ப்பதில்லை. சத்தம் பெரிதாக வந்தால் போதும் என்று இருந்து விடுகிறோம்.

காரில் பாட்டுக் கேட்கும் வழக்கம் இன்று நேற்று வந்ததன்று. அமெரிக்காவில் கால்வின் சகோதரர்கள் 1930ஆம் ஆண்டில் 'மோட்டரோலா' என்னும் பெயரில் கார் வானொலியை விற்பனைக்குக் கொண்டு வந்தனர். பின்னர் ஒலிநாடாவும் குறுந்தகடும் வந்து போயின. இன்று கைப்பேசியிலிருந்தே பாட்டு வருகிறது. கருவிகள் எத்தனை மாறினாலும் காரும் மாறவில்லை, காதும் மாறவில்லை. இவ்விரண்டின் இயல்பையும் அறிந்தவரே நல்ல ஒலியைப் பெற முடியும்.

இதை நான் நூலில் மட்டும் படித்து எழுதவில்லை. என் தந்தையார் வாடகைக் கார் ஓட்டுபவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். சென்ற ஆண்டு கல்யாண மாதங்களுக்கு முன்பாக அவர் கடன் வாங்கிக் காரில் நான்கு ஸ்பீக்கர்களும், ஓர் ஆம்ப்ளிஃபயரும், டிக்கியில் ஒரு சப்வூஃபரும் வைத்தார். பொருத்தியவர் எல்லாக் குமிழ்களையும் முழுமைக்குத் திருப்பி வைத்து, "சும்மா அதிரும் பாருங்க" என்றார். அதிரத்தான் செய்தது. ஆனால் ஏறியவர்கள் பத்துக் கிலோமீட்டர் போகுமுன், "டிரைவர், பாட்டை நிறுத்துங்க, தலை வலிக்குது" என்றனர். வழக்கமாக வரும் ஒரு குடும்பத்தார் அடுத்த முறை வேறு காரை அழைத்துக் கொண்டனர். "ரெண்டு வருஷமா ஒலி, ஒளின்னு படிக்கிறியே, இது என்னான்னு பாரேன்" என்றார் தந்தையார். அந்தக் கேள்விக்கு நான் தேடிய விடையே இக்கட்டுரை.

செவியின் இயல்பு

மனிதச் செவி ஏறத்தாழ 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை அதிர்வெண் உடைய ஒலிகளைக் கேட்கவல்லது. காற்றில் ஒலியின் வேகம் வினாடிக்குச் சுமார் 340 மீட்டர். வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்தால் அலைநீளம் கிடைக்கும். எனவே 20 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 17 மீட்டர்; 20,000 ஹெர்ட்ஸ் ஒலிக்கோ 1.7 சென்டிமீட்டர்தான். யானையையும் எறும்பையும் ஒரே கூண்டில் அடைப்பது போன்ற வேலை இது.

இவ்வளவு ஒலிகளையும் செவி ஒன்றுபோல் மதிப்பதில்லை. ஒரு முனை மூடிய குழாயின் நீளம் அலைநீளத்தில் நான்கில் ஒரு பங்காக இருக்கும்போது இசைக்கவையின் ஒலி ஓங்கிக் கேட்பதை ஆய்வுக்கூடத்தில் காற்றுத்தம்பச் சோதனையில் கண்டிருக்கிறோம். நமது செவிக்குழலும் அத்தகைய குழாய்தான். செவிப்பறை அதன் மூடிய முனை. அதன் நீளம் ஏறத்தாழ 2.5 சென்டிமீட்டர். நான்கு மடங்கு 10 சென்டிமீட்டர். 340 மீட்டரை 0.1 மீட்டரால் வகுத்தால் 3,400 ஹெர்ட்ஸ். ஆகவேதான் 3,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலி நமக்குக் கூர்மையாகக் கேட்கிறது. அளவு மீறினால் குத்தவும் செய்கிறது.

1933இல் பெல் தொலைபேசி ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஃபிளெட்சர், மன்சன் ஆகிய இருவரும் செவியின் இவ்வியல்பை அளந்து வெளியிட்டனர். மெல்லிய ஒலியில் தாழ்ந்த சுரங்கள் மிகவும் குறைந்து கேட்கும்; ஒலியைக் கூட்டக் கூட்ட அவை மற்றவற்றோடு சேர்ந்து வரும் என்பது அவர்கள் கண்ட உண்மைகளுள் ஒன்று. எனவே எந்த அளவு ஒலியில் வழக்கமாகப் பாட்டுக் கேட்கிறோமோ, அந்த அளவில் வைத்துத்தான் சரிசெய்ய வேண்டும்.

கார் என்னும் அறை

இசை கேட்கத் தகுந்த அறைகளில் காரைப் போல் மோசமானது இல்லை எனலாம். கண்ணாடி உயர்ந்த சுரங்களைத் திருப்பி அடிக்கிறது. மெத்தை இருக்கை அவற்றை விழுங்கி விடுகிறது. எங்கள் காரின் உள்நீளம் சுமார் 2.5 மீட்டர். அரை அலைநீளம் இந்த நீளத்துக்குச் சமமாகும் 68 ஹெர்ட்ஸ் அளவில் நிலை அலை தோன்றி, ஓரிடத்தில் ஒலி ஓங்கும், வேறோரிடத்தில் ஒடுங்கும். அதற்கும் கீழே, அலைநீளம் காரைவிட மிகப் பெரிதாகிவிடுவதால், உள்ளிருக்கும் காற்று முழுவதுமே ஒன்றாக அமுங்கி விரிகிறது. இதனால் தாழ்ந்த சுரங்களுக்குக் காரே இலவசமாக வலுச் சேர்க்கிறது. அதன்மேல் நாமும் 'பாஸ்' குமிழை முழுமையாகத் திருப்பினால் தலை வலிக்காமல் என்ன செய்யும்?

சரிசெய்யும் முறை

இனி, நாங்கள் செய்தவற்றை வரிசையாகக் காண்போம்.

முதலாவது, கம்பிகள். ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் நேர்முனை, எதிர்முனை உண்டு. ஒன்று மட்டும் மாறிவிட்டால், ஒரு கூம்பு வெளியே தள்ளும்போது மற்றது உள்ளே இழுக்கும். தாழ்ந்த சுரங்கள் ஒன்றையொன்று அழித்துவிடும். வகுப்பில் படித்த குறுக்கீட்டு விளைவுதான் இது. கம்பியை ஆம்ப்ளிஃபயரிலிருந்து கழற்றி, 1.5 வோல்ட் பேட்டரி செல் ஒன்றால் நொடிப் பொழுது தொட்டால், முனைகள் சரியாக இருந்தால் கூம்பு வெளியே தள்ளும். எங்கள் காரில் முன்புற இடது ஸ்பீக்கர் உள்ளே இழுத்தது! அதில் காணாமற் போன பாஸை ஈடுகட்டத்தான் குமிழை முழுமைக்குத் திருப்பியிருக்கிறார்கள் என்பது அப்போது புரிந்தது.

இரண்டாவது, கதவு. கூம்பின் பின்புறத்திலிருந்து புறப்படும் அலை, முன்புற அலைக்கு எதிரானது. கதவுத் தகட்டின் ஓட்டைகள் வழியே அது வெளியே வந்து கலந்தால் ஒலி மெலியும். ஓட்டைகளை அடைத்து, தகட்டின் மேல் ஒட்டும் தார்ப் படலத்தை ஒட்டினோம். தண்ணீர் வடிவதற்காகக் கதவின் அடியில் உள்ள துளைகளை மட்டும் அடைக்கக் கூடாது. கதவின் கடகடப்பு பாதிக்கு மேல் நின்றது.

மூன்றாவது, 'கெயின்' குமிழ். இதனை ஒலி கூட்டும் குமிழ் என்று பலரும் எண்ணுகின்றனர். அது தவறு. பாட்டுக் கருவியிலிருந்து வரும் மின்னழுத்தத்துக்கு ஏற்ப ஆம்ப்ளிஃபயரைப் பொருத்தி வைப்பதே அதன் வேலை. அளவு மீறித் திருப்பினால், ஆம்ப்ளிஃபயர் தன்னால் இயன்ற உயரத்துக்கு மேல் போக இயலாமல் அலையின் உச்சியைச் சீவி விடும். உச்சி சீவப்பட்ட அலையில் மூலப் பாட்டில் இல்லாத மேற்சுரங்கள் பிறக்கின்றன. காது கரகரவென்று உணர்வது இதைத்தான்; சிறிய ஸ்பீக்கர்கள் எரிந்து போவதும் பெரும்பாலும் இதனால்தான். பாட்டுக் கருவியின் ஒலியை முக்கால் பங்கில் வைத்து, கெயினை அடியிலிருந்து மெல்லக் கூட்டி, ஒலி சிதையத் தொடங்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே நிறுத்தினோம்.

நான்காவது, வேலைப் பங்கீடு. சுமார் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளவற்றைச் சப்வூஃபருக்கும், மேலுள்ளவற்றைக் கதவு ஸ்பீக்கர்களுக்கும் பிரித்துக் கொடுக்க வேண்டும். சிறிய கூம்பின் மேல் பெரிய பாரத்தை ஏற்றாவிட்டால் அது பாடகரின் குரலைத் தெளிவாகத் தரும்.

ஐந்தாவது, ஈக்குவலைசர். முக்கியமான பாடம் இங்கேதான் இருக்கிறது. ஒரு சுரப்பகுதியை 3 டெசிபல் கூட்டினால் அதற்கு இரு மடங்கு திறன் வேண்டும்; 12 டெசிபல் கூட்டினால் 16 மடங்கு வேண்டும். அவ்வளவுக்கு ஆம்ப்ளிஃபயர் எங்கே போகும்? மீண்டும் உச்சி சீவப்படும். ஆகவே குறைவாகக் கேட்பதைக் கூட்டாமல், மிகுதியாகக் கேட்பதைக் குறைக்க வேண்டும். எல்லாவற்றையும் சுழியில் வைத்துவிட்டு, நன்கு பழகிய ஒரு பாட்டை ஒலிக்க விட்டுத் தாழ்ந்த சுரத்தில் இரைவதைச் சிறிது குறைத்தோம். 3,000 ஹெர்ட்ஸ் அருகே குத்துவதைச் சிறிது குறைத்தோம். குரல் தானே மேலெழுந்து வந்தது. சமன் என்பது கூட்டுவதில் இல்லை, குறைப்பதில் இருக்கிறது என்பதை அன்று அறிந்தேன்.

யாருடைய காதுக்கு?

ஒரு சிக்கல் எஞ்சியிருந்தது. ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்தால் வலப்புற ஸ்பீக்கர் அருகிலும் இடப்புறம் தொலைவிலும் இருக்கும். எங்கள் காரில் வேறுபாடு 50 சென்டிமீட்டர். அதாவது இடப்புற ஒலி ஏறத்தாழ ஒன்றரை மில்லி வினாடி பிந்தி வருகிறது. முந்தி வரும் ஒலியின் திசையையே செவி நம்பும். எனவே பாடகர் வலக் கதவுக்குள் அமர்ந்து பாடுவது போல் தோன்றும். அருகிலுள்ள ஸ்பீக்கரின் ஒலியைத் தாமதப்படுத்தும் வசதி சில கருவிகளில் உண்டு. எங்களிடம் இல்லை; இடவல அளவை மாற்றிச் சற்றே ஈடுகட்டலாம். ஆயினும் ஓட்டுநருக்குச் சரிசெய்தால் பின்னிருக்கைக்குக் கெடும். "எனக்கு எதுக்குப்பா? பின்னால உட்கார்றவங்களுக்கு வை" என்றார் தந்தையார்.

அதன் பிறகு, ஒவ்வோர் அதிர்வெண்ணாக ஒலிக்கும் கைப்பேசிச் செயலியைக் கொண்டு சோதித்தோம். 500, 1,000, 2,000 எனத் தந்தையார் தலையசைத்துக் கொண்டே வந்தார். 4,000 ஹெர்ட்ஸில் எனக்குக் காது கூசியது. அவரோ, "போட்டுட்டியா?" என்று கேட்டார்.

நான் சிறிது நேரம் ஒன்றும் சொல்லவில்லை. சில ஆண்டுகளாகவே வீட்டில், "நீங்க பேசறது கேட்குது, என்ன சொல்றீங்கன்னுதான் புரியல" என்று அவர் சொல்லி வந்தார். கவனமில்லை என்று நாங்கள் கோபித்துக் கொள்வோம். உயிரெழுத்துகளின் ஒலி தாழ்ந்த அதிர்வெண்களில் வலுவாக இருக்கும். சகரம் போன்ற மெய்களின் உரசொலி உயர்ந்த அதிர்வெண்களில் மெல்லியதாக இருக்கும். உயர்ந்த பகுதி போய்விட்டால் பேச்சின் சத்தம் கேட்கும், சொல் விளங்காது. அரசு மருத்துவமனையில் சோதித்தபோது, நெடுநாள் இரைச்சலால் வந்த செவிக்குறை என்றனர். காருக்கு முன் அவர் பல ஆண்டுகள் சுற்றுலா வேன் ஓட்டியவர். இரவெல்லாம் தலைக்குப் பின்னால் பாட்டு முழங்கும். இரைச்சலால் வரும் கேடு பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸ் அருகேதான் தொடங்குகிறது. உட்செவியில் அழிந்த உணர்மயிர் அணுக்கள் மீண்டும் முளைப்பதில்லை.

உயர்ந்த சுரக் குமிழை அவர் ஏன் எப்போதும் கூட்டியே வைத்தார் என்பதற்கும் அன்று விடை கிடைத்தது. அவர் காதுக்கு அதுவே சமன், ஏறுபவர்களுக்கோ தலைவலி. இப்போது குமிழ் பின்னிருக்கைக்காரர்களின் காதுக்கு ஏற்றபடி இருக்கிறது. பாட்டை நிறுத்தச் சொல்வோர் இப்போது அரிது. தந்தையார் காதுக்குக் கருவி வாங்குவதற்கு விண்ணப்பம் கொடுத்திருக்கிறோம்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரைப்படி, 80 டெசிபல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 90 டெசிபல் ஆனால் வாரத்துக்கு 4 மணி நேரம்தான். விடிய விடிய வண்டி ஓட்டுவோர் ஒரே இரவில் அதைக் கடந்து விடுவர்.

மாணவத் தோழர்களே! உங்கள் வீட்டிலோ தெருவிலோ காரோ வேனோ ஆட்டோவோ ஓட்டுபவர் இருப்பார். அவர் வண்டியில் ஏறும்போது முதலில் கம்பியைப் பாருங்கள். பிறகு மிகுந்திருப்பதைக் குறையுங்கள். பக்கத்தில் இருப்பவர் சாதாரணக் குரலில் பேசுவது பாட்டுக்கிடையே கேட்கிறதா என்று பாருங்கள். அப்படியே ஓட்டுபவரின் காதையும் ஒருமுறை சோதித்துப் பாருங்கள். காற்றுத்தம்பமும் இசைக்கவையும் தேர்வு மதிப்பெண்ணுக்கு மட்டும் உரியவை அல்ல என்பதை நான் எங்கள் காருக்குள் அமர்ந்துதான் கற்றுக்கொண்டேன்.